டவர் எங்கே போச்சு தம்பி? - சுவருக்குப் போகும் சீனரி படங்கள்

சலூனில் முடி வெட்டக் காத்திருக்கும்போது எதிர்ச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். பனிமலை, அதன் அடியில் நீல ஏரி, கரையில் ஒரு மர வீடு. நம் ஊரில் 'சீனரி' என்று சொன்னாலே அதுதான். தினசரிக் காலண்டர் அட்டையிலும் அதே மலை, கல்யாண மண்டபத்து மேடைப் பின்னணியிலும் அதே ஏரி. கோபிசெட்டிபாளையத்தில் இருந்து பார்த்தால் வடக்கேயும் மேற்கேயும் மலைகள் தெரிகின்றன. ஆனால் எங்கள் ஊர்ச் சுவர்களில் சுவிட்சர்லாந்துதான் தொங்குகிறது.

நான் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். போட்டோ எடுப்பது பொழுதுபோக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய 24 மெகாபிக்ஸல் கேமரா ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் போவேன். எடுத்த படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் தூங்கும். அவற்றில் ஒன்றை முதல்முதலாகக் காசுக்கு விற்ற கதையைத்தான் சொல்லப் போகிறேன். கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிகிற படம் சுவருக்குப் போகும்போது என்னென்ன ஆகும் என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நீங்கள் இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம்.

உலகமே பார்த்த சீனரி

கம்ப்யூட்டர்காரர்களுக்கு சீனரி என்றால் உடனே நினைவுக்கு வர வேண்டியது விண்டோஸ் எக்ஸ்பியின் அந்தப் பச்சைக் குன்றுதான். 'பிளிஸ்' என்ற அந்தப் படத்தைப் பலரும் கம்ப்யூட்டரில் வரைந்தது என்றே நம்பிக்கொண்டிருந்தோம். அது நிஜமான போட்டோ. 1996 ஜனவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சோனோமா பகுதியில் சாலையோரம் காரை நிறுத்தி சார்லஸ் ஓரியர் என்ற போட்டோகிராபர் எடுத்தது. கேமரா மமியா ஆர்இசட் 67, பிலிம் பியூஜி வெல்வியா. பச்சையையும் நீலத்தையும் தூக்கிக் காட்டும் பிலிம் அது. அந்தக் குன்று உண்மையில் திராட்சைத் தோட்டம். பூச்சி தாக்கியதால் அந்தச் சமயத்தில் கொடிகளைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அதனால்தான் வெறும் புல்லாகத் தெரிந்தது. பின்னர் திரும்பவும் கொடி நட்டுவிட்டார்கள்.

மைக்ரோசாப்ட் அந்தப் படத்தின் உரிமையை 2000-ல் வாங்கியது. 2001-ல் எக்ஸ்பி வந்தது. அடுத்த பல வருடங்களுக்கு உலகத்தில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் அந்தக் குன்று நம்மைப் பார்த்தது. தான் அந்தப் படத்தில் கம்ப்யூட்டர் வேலை எதுவும் செய்யவில்லை என்று ஓரியர் சொல்லியிருக்கிறார். இந்த விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு ஆர்டர் வந்தது

ஊட்டியிலிருந்து இத்தலார் வழியாகப் போனால் எமரால்டு. அங்கே அணைத் தண்ணீரும் தேயிலைச் சரிவும் பின்னால் சோலைக்காடும் ஒரே பிரேமில் கிடைக்கும். ஒரு டிசம்பர் மாதக் காலையில் பனி விலகும்போது எடுத்த படம் எனக்கே மிகவும் பிடித்துவிட்டது. ஒரே ஒரு குறை. இடதுபக்க மேட்டின் மேல் ஒரு உயர் மின் அழுத்த டவர். அதிலிருந்து கம்பிகள் வானத்தைக் குறுக்கே கீறிக்கொண்டு போயின. போட்டோஷாப்பில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் டவரையும் கம்பிகளையும் துடைத்து எடுத்தேன். சுத்தமான மலை கிடைத்தது. எனக்கு ஒரே பெருமை.

எங்கள் ஊர் பிரேம் கடைக்காரர் பழக்கமானவர். "அனுப்புங்க சார், ஒண்ணு போட்டு மாட்டி வைக்கிறேன்" என்றார். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 18க்கு 12 இன்ச்சில் பிரிண்ட் போட்டு, கண்ணாடி பிரேம் மாட்டி, கடையில் உயரத்தில் தொங்கவிட்டார். இரண்டு வாரத்தில் மேட்டுப்பாளையத்தில் புதிதாக கிளினிக் திறக்கப்போகும் பல் டாக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, வெயிட்டிங் ஹாலுக்கு 5 அடிக்கு 3 அடி கேன்வாஸில் வேண்டும் என்றார். விலை 9,000 ரூபாய் என்று பேசினோம். கேன்வாஸ் பிரிண்ட் சதுர அடிக்கு 180 வீதம் 15 சதுர அடிக்கு 2,700. மரச் சட்டத்தில் இழுத்து அடிக்க 1,100. மீதி லாபம் என்று நானே கணக்குப் போட்டுச் சிரித்துக்கொண்டேன். கணக்குப் பிரிவில் இருப்பவன் அல்லவா!

முதல் 2,700 போன விதம்

கடைக்காரரிடம் படம் ஏற்கெனவே இருக்கிறதே என்று அதையே கோயமுத்தூரில் உள்ள ஒரு லேபுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். வந்த பிரிண்ட்டை விரித்தபோது தேயிலைச் செடிகள் எல்லாம் பச்சைச் சாணி அப்பியது போல் இருந்தன.

காரணம் சின்னது. என் கேமராவின் படம் 6000 x 4000 பிக்ஸல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக போட்டோவாக அனுப்பியதால் அது 1600 x 1067 ஆகச் சுருங்கிவிட்டது. 18 இன்ச்சில் போட்டபோது ஒரு இன்ச்சுக்கு 89 பிக்ஸல் வந்தது. உயரத்தில் தொங்கியதால் யாருக்கும் தெரியவில்லை. அதையே 60 இன்ச்சுக்கு இழுத்தால் இன்ச்சுக்கு 27 பிக்ஸல்தான். லேப்காரர்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் தப்பு என்னுடையதுதான். 2023-ல் வாட்ஸ்அப்பில் 'ஹெச்டி' என்ற வசதி வந்தது. அதுவும் முழு அளவு அல்ல. பிரிண்ட்டுக்குப் போகும் படத்தை 'டாகுமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். அல்லது பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எத்தனை பிக்ஸல் இருந்தால் போதும்? "300 டிபிஐ இருக்கணும் சார்" என்று எல்லா லேபிலும் மனப்பாடமாகச் சொல்வார்கள். புத்தகம் போல் கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அது சரி. சுவரில் மாட்டுவதற்கு அவ்வளவு தேவையில்லை. நல்ல பார்வையுள்ள கண்ணால் ஒரு டிகிரியின் 60-ல் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்துப் பார்க்க முடியும். இதிலிருந்து ஒரு எளிய கணக்கு கிடைக்கிறது. 3438 என்ற எண்ணை, பார்க்கும் தூரத்தால் (இன்ச்சில்) வகுத்தால் இன்ச்சுக்கு எத்தனை பிக்ஸல் வேண்டும் என்பது வந்துவிடும். ஒரு அடி தூரத்தில் 286. மூன்று அடியில் 95. ஆறு அடியில் வெறும் 48. என்னிடம் இருந்த ஒரிஜினல் பைலை 5 அடிக்கு 3 அடி விகிதத்தில் வெட்டினால் 6000 x 3600. அதாவது இன்ச்சுக்கு 100 பிக்ஸல். நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தாராளமாகப் போதும்.

உங்கள் படத்துக்கு இதைப் பார்க்க, போட்டோஷாப்பில் 'இமேஜ்' மெனுவில் 'இமேஜ் சைஸ்' கிளிக் செய்யுங்கள். வரும் டயலாக் பாக்ஸில் 'ரீசாம்பிள்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இப்போது அகலத்தில் 60 இன்ச் என்று டைப் செய்தால் ரெசல்யூஷன் தானாக மாறும். பிக்ஸல் ஒன்றுகூடக் கூடாது, குறையாது. இலவச சாப்ட்வேரான கிம்ப் வைத்திருப்பவர்களுக்கு 'இமேஜ்' மெனுவிலேயே 'பிரிண்ட் சைஸ்' என்று தனியாக இருக்கிறது. டிக்கை எடுக்காமல் 100-ஐ 300 என்று மாற்றினால் சாப்ட்வேர் இல்லாத பிக்ஸல்களைத் தானே கற்பனை செய்து நிரப்பும். பைல் சைஸ்தான் வீங்கும். இப்போது வரும் ஏஐ வசதிகள் இந்தக் கற்பனையைக் கெட்டிக்காரத்தனமாகவே செய்கின்றன. போட்டோஷாப்பின் கேமரா ராவில் 2021-ல் வந்த 'சூப்பர் ரெசல்யூஷன்' அகலத்தையும் உயரத்தையும் இரண்டு மடங்காக்கும். நானும் போட்டுப் பார்த்தேன். தேயிலைக்கு நன்றாக வந்தது. தூரத்து மரங்களில் இல்லாத கிளைகள் முளைத்தன. 5 அடி படத்துக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

பகலில் எடுத்த படம், ராத்திரியான கதை

இரண்டாவது பிரிண்ட் நல்ல ஷார்ப். மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் டாக்டர் போன் செய்தார். "சார், படம் நல்லா இருக்கு. ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு எடுத்த மாதிரி இருக்கே?"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். சோலைக்காடு முழுக்க ஒரே கருப்புத் திட்டு. என் லேப்டாப்பைக் கையோடு கொண்டு போயிருந்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஸ்கிரீனில் ஒவ்வொரு மரமும் தெரிகிறது. லேப் மேல்தான் தப்பு என்று சண்டைக்குப் போனேன். அங்கே இருந்த ஆபரேட்டர் ஒன்றும் பேசவில்லை. என் லேப்டாப்பின் பிரைட்னஸைப் பாதிக்கும் கீழே இறக்கினார். ஸ்கிரீனில் இருந்த படமும் ராத்திரி ஆகிவிட்டது.

இது புதிதாகப் பிரிண்ட் போடும் எல்லோருக்கும் நடக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. மானிட்டர் தானே ஒளி வீசும் பொருள். கேன்வாஸ் தன் மேல் விழும் ஒளியைத் திருப்பிக் காட்டும் பொருள். பிரிண்ட்டுக்காகப் படம் திருத்தும்போது மானிட்டர் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டிலா இருந்தால் போதும் என்பது பிரிண்ட் உலகில் பொதுவாகச் சொல்லும் அளவு. நாம் கடையில் வாங்கி அப்படியே ஆன் செய்யும் பல மானிட்டர்கள் 250-க்கு மேல் எரியும். நானோ இரவு பத்து மணிக்கு, அறை விளக்கையும் அணைத்துவிட்டு, முழு பிரைட்னஸில் உட்கார்ந்து திருத்தியிருந்தேன். அந்த வெளிச்சத்தில் கண் கூசாமல் இருக்க நானே படத்தை இருட்டாக்கிக்கொண்டு போயிருக்கிறேன். போதாதற்குக் கேன்வாஸ் மேட் பரப்பு கொண்டது. பளபளப்பான போட்டோ பேப்பரில் வரும் ஆழமான கருப்பு அதில் வராது. அதனால் நிழலில் உள்ள விவரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மானிட்டரை அளந்து சரிசெய்ய 'கேலிபரேட்டர்' என்ற கருவி இருக்கிறது. தொழிலாகச் செய்பவர்கள் வாங்கத்தான் வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கைவைத்தியம்: பகலில் ஜன்னல் வெளிச்சம் வரும் அறையில், நேர் வெயில் படாத இடத்தில், ஒரு வெள்ளை ஏ4 பேப்பரை மானிட்டர் பக்கத்தில் பிடியுங்கள். ஸ்கிரீனில் காலியான வேர்ட் பக்கத்தைத் திறந்து வையுங்கள். இரண்டு வெள்ளையும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். படம் மங்கி, அழுக்காகத் தெரியும். பழகிவிடும். ஹிஸ்டோகிராமையும் ஒரு கண் பாருங்கள். மேடு முழுவதும் இடது ஓரத்தில் குவிந்திருந்தால் அது பகல் படம் அல்ல.

இன்னொன்று, நிறம். கேமராவில் 'அடோபி ஆர்ஜிபி' என்று வைத்து எடுத்தால் அதிக நிறம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். லேப் அந்த புரொபைலைக் கவனிக்காமல் போட்டால் பச்சை எல்லாம் வெளிறிப் போகும். லேபில் கேட்காமல் அனுப்பும் படம் என்றால் 'எஸ்ஆர்ஜிபி' என்று மாற்றி அனுப்புவதே பாதுகாப்பு. நல்ல லேப்களில் அந்தக் கேன்வாஸுக்கான 'ஐசிசி புரொபைல்' கேட்டால் கொடுப்பார்கள். அதை கம்ப்யூட்டரில் நிறுவி, போட்டோஷாப்பில் 'வியூ' மெனுவில் 'புரூப் செட்டப்' போய் அதைத் தேர்ந்தெடுத்தால், பிரிண்ட்டில் எப்படி வரும் என்பது ஓரளவு ஸ்கிரீனிலேயே தெரிந்துவிடும்.

லேப் ஆபரேட்டர் சொன்ன யோசனைதான் எல்லாவற்றிலும் பெரியது. முழுப் படத்தையும் போட்டுப் பார்க்காதீர்கள். இறுதி அளவில் உள்ள படத்திலிருந்து இருட்டும் வெளிச்சமும் கலந்த ஒரு பகுதியை, 1200 x 800 பிக்ஸல் அளவுக்கு வெட்டுங்கள். இன்ச்சுக்கு 100 வீதம் அது 12க்கு 8 இன்ச் துண்டு. அதே கேன்வாஸில் மூன்று விதமான வெளிச்சத்தில் மூன்று துண்டு போட்டு, படம் மாட்டப்போகும் அதே சுவரில், அதே விளக்கில் வைத்துப் பாருங்கள். கிளினிக்கில் இருந்தது நீல வெள்ளை எல்இடி. நான் சரி என்று நினைத்த துண்டு அங்கே சோகையாக இருந்தது. அதற்கு அடுத்ததுதான் பொருந்தியது.

பிலிம் காலத்திலும் இதே பாடுதான். அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' என்ற புகழ்பெற்ற படத்தின் நெகட்டிவ் பிரிண்ட் போட மிகவும் சிரமமானது. 1948-ல் அதன் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ரசாயன முறையில் அடர்த்தி கூட்டினார். பிற்காலத்தில் அவர் போட்ட பிரிண்ட்களில் வானம் முன்பைவிட இன்னும் கருப்பாக இருக்கும்.

மூன்றாவது பிரிண்ட்டும், டாக்டரின் அப்பாவும்

மூன்றாவது பிரிண்ட் அருமையாக வந்தது. டாக்டருக்குத் திருப்தி. பணமும் கைக்கு வந்தது. கணக்குப் பார்த்தேன். மூன்று பிரிண்ட் 8,100, சட்டம் 1,100. மொத்தம் 9,200. வரவு 9,000. பரவாயில்லை, 200 ரூபாயில் ஒரு தொழில் கற்றோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளினிக் திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் படத்தின் முன்னால் வெகு நேரமாக நின்றுகொண்டிருந்தார். டாக்டரின் அப்பா. நான்தான் படம் எடுத்தவன் என்று அறிமுகம் செய்தார்கள்.

"தம்பி, இது எமரால்டு தானே?"

"ஆமாங்க ஐயா."

"அந்த மேட்டுல டவர் ஒண்ணு இருக்கோணுமே. எங்கே போச்சு தம்பி?"

பெருமையாக, கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் மின்வாரியத்தில் குந்தா பகுதியில் லைன் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். 1950-களின் பிற்பகுதியில் கனடா நாட்டு உதவியுடன் கட்டத் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் ஒரு பகுதிதான் அந்த அணையே. "அந்த டவர்ல நான் எத்தனை தடவை ஏறியிருக்கேன் தெரியுமா? மழைக்காலத்துல லைன் போச்சுன்னா ராத்திரியோட ராத்திரியா அங்கேதான் நிப்போம். இவனைப் படிக்க வெச்சதே அந்த டவர்தான்" என்று மகனைக் காட்டினார். பிறகு மெதுவாக, "தண்ணியை மட்டும் வெச்சுட்டு டவரை எடுத்துட்டீங்களே" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

படத்திலிருந்து வேண்டாததை எடுப்பது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த வழக்கம் அல்ல. அதே ஆன்சல் ஆடம்ஸ் 1944-ல் லோன் பைன் என்ற ஊரிலிருந்து சியரா நெவாடா மலையை எடுத்தார். அந்த ஊர்ப் பள்ளி மாணவர்கள் குன்றின் மேல் வெள்ளையடித்து வைத்திருந்த 'எல் பி' என்ற பெரிய எழுத்துக்களை நெகட்டிவிலும் பிரிண்ட்டிலும் மறைத்துவிட்டார். இயற்கைக் காட்சிக்கு அது இடைஞ்சல் என்பது அவர் எண்ணம். ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி 1999-ல் உருவாக்கிய 'ரைன் 2' படத்தில் ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டார். 2011 நவம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 43 லட்சம் டாலருக்கு மேல் போனது. 2022 வரை ஏலத்தில் அதிக விலைக்குப் போன போட்டோ அதுதான். ஆக, பெரிய ஆட்களும் செய்திருக்கிறார்கள். ஓரியர் செய்யவில்லை. இரண்டுமே சுவருக்கு வருகின்றன. வாங்குபவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. நான் டாக்டரிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அவரே அப்பாவைப் பற்றிச் சொல்லியிருப்பார்.

டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, "டவரோட இன்னொண்ணு போட முடியுமா? பிரிண்ட் காசு நான் தந்துடறேன்" என்றார். முடியும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் டவரை நேரடியாகப் படத்தின் மேலேயே குளோன் ஸ்டாம்ப் வைத்துத் துடைத்து, 'சேவ்' கொடுத்திருந்தேன். ஜேபெக் பைலில் டவர் போனது போனதுதான். ரா பைல் எங்கே என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் மகளின் ஸ்கூல் விழாப் படங்கள் இருந்த பழைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில், 'புது போல்டர் 7' என்ற போல்டருக்குள் கிடைத்தது. அது இல்லாவிட்டால் அந்தப் பெரியவர் முகத்தில் எப்படி விழித்திருப்பேன் என்று தெரியவில்லை. நிறத் திருத்தம் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய இரண்டு இரவு ஆனது.

நீங்கள் இந்தப் பாடுபட வேண்டாம். எதையாவது நீக்கும் முன், லேயர்ஸ் பேனலில் புதிதாக ஒரு காலி லேயர் உருவாக்குங்கள். குளோன் ஸ்டாம்ப்பைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள ஆப்ஷன் பாரில் 'சாம்பிள்' என்பதில் 'கரன்ட் அண்ட் பிலோ' என்று வையுங்கள். கிம்பில் குளோன் டூலுக்கு 'சாம்பிள் மெர்ஜ்டு' என்று டிக் செய்யுங்கள். இப்போது நீங்கள் பூசுவதெல்லாம் மேலே உள்ள லேயரில் விழும். அடியில் உள்ள படம் அப்படியே இருக்கும். கண் படத்தைக் கிளிக் செய்து அந்த லேயரை மறைத்தால் டவர் திரும்ப வந்து நிற்கும். பைலை பிஎஸ்டி அல்லது எக்ஸ்சிஎப் வடிவில் சேமியுங்கள். ரா பைல்களுக்கு இரண்டு இடங்களில் காப்பி வையுங்கள், தேதியும் ஊரும் போல்டர் பெயரில் இருக்கட்டும். 'புது போல்டர்' வேண்டவே வேண்டாம்.

விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு மேலும் இரண்டு விஷயம். இணையத்தில் கிடைக்கும் படத்தை இறக்கிப் பிரிண்ட் போட்டு விற்காதீர்கள். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி போட்டோவுக்கு, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து மேலும் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. அதேபோல் ஒருவர் பணம் தருவதாகச் சொல்லி உங்களைப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை அவருக்கே போய்விடும். ஏற்கெனவே எடுத்து வைத்த படத்தின் பிரிண்ட்டை விற்பது வேறு. அதில் உரிமை உங்களிடமே இருக்கும். இதைப் பில்லில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

மாட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் புஷ் ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போகும், மழைக்காலத்து ஓதம் ஏறாது. பேப்பர் பிரிண்ட் என்றால் இராமபாணப் பூச்சிக்கும் அஞ்ச வேண்டும். பிரேமின் பின்பக்கத்தை டேப் போட்டு மூடச் சொல்லுங்கள். பிளக்ஸ் பேனர் கடையில் கால் பங்கு விலைக்குப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். திருவிழாவுக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம். கேன்வாஸில் 'பிக்மென்ட் இங்க்' தானா என்று கேட்டு வாங்குங்கள். 'டை இங்க்' வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். எந்த இங்க் ஆனாலும் நேர் வெயில் படும் சுவர் ஆகாது.

நான்காவது பிரிண்ட்டைக் கொண்டுபோய் நானே சட்டத்தில் அடித்து மாட்டினேன். பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். கம்பி எந்தப் பக்கம் இறங்கி எந்த சப்-ஸ்டேஷனுக்குப் போகிறது என்று காத்திருந்த நோயாளி ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். போகும்போது, கூட வேலை பார்த்த மூன்று பேருக்கு 18க்கு 12-ல் ஒவ்வொன்று வேண்டும் என்றார். விலை சொன்னேன். பேரம் பேசினார்.

இப்போது அந்தப் படத்துக்கு என் கம்ப்யூட்டரில் ஒரே பைல்தான். அதில் ஒரு லேயருக்கு 'டவர் இல்லை' என்று பெயர் வைத்திருக்கிறேன். இதுவரை டவரோடு நான்கு பிரிண்ட் போயிருக்கிறது, டவர் இல்லாமல் இரண்டு. கழற்றிய அந்த மூன்றாவது பிரிண்ட் எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்கள் இது எந்த ஊர், சுவிட்சர்லாந்தா என்று கேட்கிறார்கள்.